காற்றைக் கேட்டுவிட்டுக் கடலில் இறங்குங்கள்: திருகோணமலையில் முதன்முறை முகமூடி போடுவோருக்கு

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றுவிட்ட தம்பிமார், ஹட்டனிலிருந்து மனைவி பக்கச் சொந்தங்கள், ஆடியில் கனடாப் பிள்ளைகள். பையை இறக்கி வைத்துத் தேத்தண்ணி குடிக்க முன்னமே கேள்வி வந்துவிடும்: “புறாத்தீவுக்கு எப்ப போறம்?” நிலாவெளிக்கு எதிரே, முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் பார்க்கிற தீவு அது. நான் திருப்பிக் கேட்பேன்: “மிதக்கத் தெரியுமோ?” பாதிப் பேர் சிரிப்பார்கள். மிச்சப் பேர், “லைஃப் ஜக்கெட் தருவாங்கள்தானே” என்பார்கள்.

தருவார்கள். ஆனால் அது உங்களை மிதக்கத்தான் வைக்கும், பதற்றத்தை அடக்காது. நான் கண்ட வரையில் புதியவர்கள் தடுமாறுவது ஆழத்தில் அல்ல. இடுப்பளவு தண்ணீரில், முகமூடிக்குள் இரண்டு கரண்டி உப்புத்தண்ணீர் புகுந்த நேரத்தில்தான். அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் காற்று, பிறகு மிதப்பது, பிறகு முகமூடி, கடைசியாகத்தான் தீவு. நான் பயிற்றுநர் அல்லன், உப்புவெளிக்காரன், அவ்வளவுதான். கீழே எழுதியிருப்பது என் வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது.

எந்த மாதம், எந்த நாள்

தெற்குக்கும் மேற்குக்கும் எங்களுக்கும் பருவம் நேர்மாறு. காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் பொங்குகிற மே முதல் செப்ரெம்பர் வரை எங்கள் பக்கம் பல நாள் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று தொடங்கினால் மாசி வரைக்கும் அலை கரையை அறைந்துகொண்டிருக்கும், மழை வெள்ளம் கலந்து தண்ணீர் கலங்கும். பள்ளிக்கூட விடுமுறை டிசம்பரில் வருகிறது என்பதற்காகக் கடல் விட்டுக்கொடுக்காது. ஒரு மார்கழியில் மலையகத்திலிருந்து வான் பிடித்து 14 பேர் வந்தார்கள். மூன்று நாளும் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர் ஊற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நனையாத நீச்சல் உடுப்புகளோடு திரும்பிப் போனார்கள். சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை என்று திட்டம் போடுங்கள்.

நல்ல மாதத்திலும் கெட்ட நாள் உண்டு. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனியாக ஓர் எதிர்வுகூறல் வெளியிடுகிறது, தமிழிலும் வரும். அதில் திருகோணமலை வருகிற வரியில் இரண்டு விஷயம் பாருங்கள்: காற்றின் திசை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர். 30க்கு மேல் போட்டிருந்தால் நான் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. இது என் சொந்தக் கணக்கு. “கொந்தளிப்பு” என்ற சொல் இருந்தால் கணக்கே வேண்டாம், வீட்டில் இருந்து கரம் விளையாடுங்கள்.

அடுத்தது ஆட்களைக் கேட்பது. காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போனால் வள்ளம் தள்ளி வைக்கிற யாராவது நிற்பார்கள். சும்மா “கடல் எப்பிடி?” என்று கேட்காதீர்கள், “நல்லாத்தான் இருக்கு” என்றுதான் பதில் வரும். அவருக்கு அது நல்ல கடல்தான். “அண்ணை, நீந்தத் தெரியாத பிள்ளையள் ரெண்டு பேர் இருக்கு, இண்டைக்கு இறக்கலாமோ?” என்று கேளுங்கள். அப்போதுதான் கடலை உங்கள் கண்ணால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். போன வருடம் நிலாவெளியில் ஒரு நானா அப்படிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “வேணாம் தம்பி, மேல சும்மா கெடக்கு, அடியில ஓட்டம் இருக்கு. நாளைக்கி வாங்க.” படகுக்கூலி அவருக்குத்தான் வந்திருக்கும். அன்றிலிருந்து அவரிடம்தான் போகிறேன்.

கச்சான் என்கிற ஏமாற்றுக்காரன்

இதை நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் வெளியூரார் யாருக்கும் இது தெரிவதில்லை. கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் சுருள் போட்டு விற்கிற கச்சான் கடலை அல்ல, காற்று. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு சுடச்சுட எங்கள் பக்கம் இறங்கும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அப்படி அடிக்கும்போது கரையோரத்து அலை படிந்துவிடும். கண்ணாடி போலத் தெரியும். படம் எடுக்க அதைவிட அழகான கடல் கிடையாது.

அந்த அழகுதான் பொறி. காற்று உங்கள் முதுகில் அடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நீந்துகிறவனுக்கு உடம்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. காற்றடித்த ரியூப், மிதவை மெத்தை, கயாக் எல்லாம் தண்ணீருக்கு மேலே நிற்கிற சாமான்கள். பாய் விரித்த வள்ளம் போல ஓடும்.

கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருவன், வயது 15, பெரிய காற்றடித்த அன்னம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். காலை பதினொரு மணி இருக்கும். கரையில் நாங்கள் முலாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது அன்னம் எலுமிச்சம்பழ அளவில் தெரிந்தது. அவன் கையை ஆட்டுகிறான், விளையாட்டுக்கு ஆட்டுகிறான் என்று நினைத்து நாங்களும் ஆட்டினோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் கவனித்து எஞ்சின் போட்டை இறக்கினார்கள். பையன் செய்த ஒரே சரியான காரியம், அன்னத்தை விட்டுவிட்டு நீந்த முயலாதது. மிதப்பதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரிவீர்கள். வெறும் தலை தெரியாது. அதேபோல, ஆள் இல்லாமல் ரியூப் மட்டும் போகிறது என்றால் துரத்தாதீர்கள். போகட்டும். அதன் விலை உங்களுக்குத் தெரியும்தானே.

காற்று எந்தப் பக்கம் என்று அறிய, கரையில் நின்று கடலைப் பாருங்கள். பிடரியில் காற்றுப் பட்டால் காற்றடித்த சாமான் எதையும் இறக்க வேண்டாம், கயாக்கும் வேண்டாம். முகத்தில் பட்டால் அலை கொஞ்சம் இருக்கும், ஆனால் உங்களைக் கரைக்கே கொண்டு வந்து விடும். இரண்டிலும் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

மிதக்கப் பழகுவது

கடலோரத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் நீந்துவார்கள் என்று நினைப்பீர்கள். என் அம்மா 60 வருடம் கடல் ஓசையில் தூங்கியவர். முழங்காலுக்கு மேல் நனைந்தது ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் மட்டும்தான். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அதுவும் இல்லை. இந்தக் கரையில் அப்படிப் பல வீடுகள் உண்டு. பயப்படுகிறவரைக் கேலி செய்து இறக்காதீர்கள். வெட்கத்தில் இறங்குகிறவர்தான் தண்ணீருக்குள் உதவி கேட்க மாட்டார்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நீச்சல் தடாகம் உள்ள விடுதிகள் பல இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாரை விடுகிற இடத்தைக் கேட்டு, முதல் நாளை அங்கே செலவழியுங்கள். தடாகம் வாய்க்காவிட்டால் காலை வேளையில் உப்புவெளிக் கரை, அல்லது சீனன்குடாப் பக்கம் விமானப்படை நடத்துகிற மார்பிள் கடற்கரை. பின்னது குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் அலை குறைவு. எங்கே என்றாலும் நெஞ்சளவுக்கு மேல் போக வேண்டாம், கரைக்குச் சமாந்தரமாகவே நகருங்கள், பழகியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்கட்டும்.

முதற்பாடம் மல்லாந்து மிதப்பது. காதுகள் தண்ணீருக்குள் போக வேண்டும், இங்கேதான் எல்லாரும் கழுத்தைத் தூக்குவார்கள். கழுத்தைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் ஆள் இறங்கும். வானத்தைப் பார்த்து, வயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளி, நெஞ்சு நிறைய மூச்சை எடுத்து மெல்ல விடுங்கள். கூட நிற்பவர் முதுகின் கீழே இரண்டு விரல் வைத்தால் போதும், தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை. உப்புத்தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிட நன்றாகத் தூக்கும், கிணற்றடியிலும் ஆற்றிலும் பழகியவர்கள் இதில் ஆச்சரியப்படுவார்கள். இரண்டாவது பாடம், குப்புற மிதந்து, கால் ஊன்றி எழும்புவது. முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கையால் தண்ணீரைக் கீழே அமுக்கினால் உடம்பு தானாக நிமிரும். இதைப் பத்துத் தரம் பதறாமல் செய்ய முடிந்தால் முகமூடிக்குத் தயார். நீந்திப் பந்தயம் ஓட வேண்டியதில்லை.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை, பெண்பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவதால். நீளக்கை நீச்சல் மேற்சட்டையும் லெகின்ஸும் போதும். உடம்போடு ஒட்டியிருக்கும், வெயிலுக்கும் சொறிமுட்டைக்கும் (ஜெலி மீன்) காப்பு. சல்வார் மேற்சட்டை, துப்பட்டா, பருத்திப் பாவாடை எல்லாம் தண்ணீர் குடித்துக் காலைச் சுற்றும். ஆண்களுக்கும் இதே சட்டம்: ஜீன்ஸோடு இறங்குகிறவர் இரண்டு வாளித் தண்ணீரைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்.

முகமூடியும் குழாயும்

வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் கடையிலேயே சோதியுங்கள். பட்டியைத் தலையில் மாட்டாமல், முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளே இழுங்கள். கையை எடுத்தபிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். பட்டியை இறுக்கினால் சரிவரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், இறுக்க இறுக்கத்தான் கசியும். ஒருமுறை பட்டி பாதி கிழிந்த ஒன்றை இரண்டாம் முறை பார்க்காமல் வாங்கிப் போய், தீவில் இறங்கி முதல் ஐந்து நிமிடத்திலேயே அறுந்து, மிச்ச நேரம் கரையில் குந்தியிருந்து நண்டு பார்த்தேன்.

மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை, மூக்குக்குக் கீழே ஒரு நூலளவு மழித்தால் போதும். பெண்கள் நெற்றி முடி ஒரு இழைகூட விளிம்புக்குள் மாட்டாமல் பார்க்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள், பார்வைக் கண்ணாடி பொருத்திய முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் உண்டு.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உலகம் முழுக்க ஒரே மருந்துதான்: உள்பக்கம் எச்சில் துப்பி, விரலால் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒருமுறை அலம்புவது. முகம் சுளிக்காதீர்கள். புதிதாக வாங்கியதென்றால் முதல் நாள் இரவே உள்பக்கக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவி வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய படலம் போனால்தான் எச்சில் வேலை செய்யும்.

குழாயில் மூச்சு விடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் வெளியே விட்ட பழைய காற்றில் கொஞ்சம் குழாய்க்குள்ளேயே தங்கும். குட்டிக் குட்டி மூச்சாக, நாய் இளைப்பது போல இளைத்தால், அந்தப் பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். நெஞ்சு முட்டும், பயம் தொடங்கும், பயத்தில் இன்னும் வேகமாக இளைப்பீர்கள். மெதுவாக, நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். கரையில் இருந்தே இதைச் செய்து பாருங்கள். பிறகு முழங்காலளவு தண்ணீரில் மண்டியிட்டு முகத்தை மட்டும் உள்ளே விட்டு ஐந்து நிமிடம்.

குழாய்க்குள் தண்ணீர் வரும். வராமல் இருக்காது. “தூ!” என்று ஒரே ஊதலில் துப்பிவிட்டு, அடுத்த மூச்சை மெதுவாக எடுங்கள், மிச்சம் ஏதும் இருந்தால் தெரியட்டும். முகமூடிக்குள் வந்தால், தலையைத் தூக்கி, கீழ் விளிம்பைக் கொஞ்சம் விலக்கிவிட்டால் ஓடிவிடும். வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, விட்டு வெளியேற்றிப் பழகுங்கள். இந்தப் பயிற்சியைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் தீவில் இரண்டு சாதியாகத் தெரிவார்கள். முழு முகத்தையும் மூடுகிற புதுவகை முகமூடி பார்க்க இலகுவாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது, அவசரத்தில் சட்டென்று கழற்ற வராது.

ஃபின்ஸ் (காலில் போடுகிற துடுப்பு) மாட்டுவது தண்ணீரோரத்தில் உட்கார்ந்து. மாட்டியபின் முன்னால் நடக்காதீர்கள், பின்பக்கமாக நடவுங்கள். உதைப்பது இடுப்பிலிருந்து. முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

புறாத்தீவு நாள்

நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போக வேண்டும். முதலில் உப்புவெளி, சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளி. பஸ்ஸும் உண்டு, ஓட்டோவும் உண்டு. தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பெரியது, சின்னது என இரண்டு. 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களம் பொறுப்பு. அனுமதிச்சீட்டுக் காசு வேறு, படகுக்கூலி வேறு, இதைச் சேர்த்துக் கணக்குப் போடாமல் வந்து முழிப்பவர்கள் அதிகம். உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடியது. அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சொந்தக்காரருக்குத் தமிழ் பேசிச் சலுகை வாங்க முடியாது.

படகில் ஏற முன் நான்கைக் கேட்டு முடியுங்கள்: கூலி ஆளுக்கா, படகுக்கா? திரும்பி ஏற்றுவது எத்தனை மணிக்கு? ஆளுக்கொரு ஜக்கெட் எண்ணிக்கையில் இருக்கிறதா, அதன் கொழுக்கிகள் பூட்டுகின்றனவா? படகோட்டியின் தொலைபேசி எண் உங்கள் கையில் இருக்கிறதா? கூடவே, கரையில் நிற்கிற யாரிடமாவது “பத்தரைக்குள்ள வந்திடுவம்” என்று சொல்லி வையுங்கள்.

மணி ஏழு, எட்டுக்குப் போய்விடுங்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போனால் மீனைவிடக் காலே அதிகம் தெரியும். சாப்பாட்டுப் பொதி, பிளாஸ்டிக் பை கொண்டு போக வேண்டாம். காலையில் இடியப்பமோ பாணோ அளவாகச் சாப்பிட்டால் போதும், கட்டாச்சம்பலை மத்தியானத்துக்கு வையுங்கள். தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். வெயில் கிரீம் பூசுவதைவிட நீளக்கைச் சட்டையே நல்லது, கிரீம் கழுவுப்பட்டு முருகைக்கல்லில்தான் போய்ப் படியும்.

பெயருக்குக் காரணம் பாறையில் கூடு கட்டும் மாடப்புறாக்கள். வெள்ளைக்காரக் கடற்படை ஒரு காலத்தில் இந்தத் தீவைக் குறிவைத்துச் சுட்டுப் பழகியிருக்கிறது என்பதை நினைத்தால், புறாவும் மிஞ்சியது, கல்லும் மிஞ்சியது என்பதே பெரிய காரியம். 1998இல் கடல் சூடேறித் தெற்கு, மேற்குக் கரை முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது இந்தப் பக்கத்தவை பெருமளவு தப்பின. அப்படித் தப்பியதைக் காலால் மிதித்து முறிப்பது நாங்கள்தான். முருகைக்கல் கல் அல்ல, உயிர். மூளை வடிவில் உருண்டிருப்பது ஒரு வருடத்தில் சில மில்லிமீற்றர்தான் வளரும். களைத்தால் அதன்மேல் நிற்காதீர்கள். மல்லாந்து மிதக்கப் பழகியது இதற்கும்தான்.

இரண்டிரண்டு பேராக இறங்குங்கள். ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையைப் பார்க்க வேண்டும். ஓட்டம் இருக்கிறதா என்று அறிய, அசையாமல் மிதந்து கீழேயுள்ள ஒரு கல்லைக் குறிவையுங்கள். கல் நகர்கிறதென்றால் நகர்வது நீங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போய், களைத்தபின் ஓட்டத்தோடு திரும்புவது முறை. எல்லாரும் தலைகீழாகச் செய்வார்கள். தப்பித் தவறி வெளியே இழுபட்டால் நேர் எதிரே நீந்திப் போராடாமல் கரைக்குச் சமாந்தரமாக விலகி, பிறகு உள்ளே வாருங்கள்.

கறுப்பு முனைச் சுறாக்கள் உண்டு. அதைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள், பார்த்ததும் மற்றப் பாதிப்பேர் கத்துகிறார்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஒரு மீற்றர் சுறா உங்கள் கண்ணில் ஒன்றேகால் மீற்றரைத் தாண்டும், ஊருக்குப் போய்ச் சொல்லும்போது மூன்று மீற்றர் ஆகிவிடும். கூச்ச சுபாவமுள்ள மீன் அது. துரத்தினால் போய்விடும், அசையாமல் மிதந்தால் திரும்பி வரும். எந்தப் பக்கம் கிடைக்கும் என்று படகோட்டியிடம் கேளுங்கள். அழுங்காமை வந்தால் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேலே மறித்துக்கொண்டு நின்றால் அதற்கு மூச்செடுக்க வழியில்லை.

கடித்தால், குத்தினால், கிழித்தால்

முருகைக்கல் கீறியதைச் சின்னக் காயம் என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், சீனி வருத்தம் உள்ளவர்கள் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொறிமுட்டை பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், இரண்டும் எரிவைக் கூட்டும். திருக்கை குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி இறங்கும். வெந்து போகிற சூடு வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி. ஆழமில்லாத மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் உரசிக்கொண்டே போனால் திருக்கை விலகிவிடும். கடல் முள்ளியின் கறுத்த முள் தைத்தாலும் வெந்நீர்தான். நோண்டி எடுக்கப் போனால் உள்ளே முறியும்.

மூச்சுத் திணறல், மயக்கம், தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகும் நிற்காத இருமல் என்றால் யோசிக்காமல் 1990. சுவசரிய அம்புலன்ஸ் காசு வாங்காது.

சாராயமோ பியரோ குடித்திருந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. இதைப் பற்றி நான் யாரோடும் வாதாடுவதில்லை, திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இதோடு நிற்காது என்பவர்களுக்கு

இரண்டு, மூன்று முறை மேலே மிதந்தவர்களுக்கு உள்ளே இறங்க ஆசை வரும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் முதுகில் காற்றுத் தொட்டியோடு சுழியோடக் கற்பிக்கிற நிலையங்கள் உண்டு. ஒரு நாள் அறிமுகமாகப் பயிற்றுநரோடு 12 மீற்றர் வரை இறங்கலாம். முறையான முதற்கட்டச் சான்றிதழ் எடுத்தால் வளர்ந்தவர்களுக்கு எல்லை 18 மீற்றர், சேரக் குறைந்த வயது 10. இறங்க முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, காது, இதயம் பற்றிக் கேட்கும் இடத்தில் பொய் எழுதாதீர்கள். தடிமன், சளி இருந்தால் அன்று வேண்டாம், காதுக்குள் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த வராது. பத்து மீற்றரிலேயே அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அதனால்தான் தொட்டிக் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்று முதல் பாடத்திலேயே சொல்வார்கள். கீழே சுவாசித்த காற்று மேலே வர வர விரியும். இன்னொன்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அங்கே “சூப்பர்” என்று அர்த்தமில்லை, “மேலே போவோம்” என்று அர்த்தம். என் தம்பி ஒருவன் சந்தோசத்தில் காட்டிக் காட்டியே தன் முதல் சுழியோட்டத்தை ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டான்.

ஊர் ஆள் என்ற முறையில் எனக்குப் பிடித்தது கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலைப் பாறையின் அடிவாரம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே தண்ணீருக்குள் கண்டார்கள். மேலே மணியோசை, கீழே செதுக்கிய கல். ஆனால் அது திறந்த கடல், பாறையில் அலை மோதித் திரும்பும் இடம். பழகிய வழிகாட்டியும் அமைதியான நாளும் வேண்டும். கல்லைத் தொடவோ எடுக்கவோ கூடாது. உட்துறைமுகத்தில் 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த சாகைங் என்ற கப்பலைத் தேடி இப்போதும் சிலர் வருகிறார்கள். அதை 2018இல் கடற்படை மேலே எழுப்பிவிட்டது. துறைமுகப் பக்கம் கடற்படையின் இடம், கேட்காமல் எங்கும் இறங்காதீர்கள், ட்ரோனும் விடாதீர்கள்.

சுழியோடியபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். கொழும்புக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் அதோடு விட்டுவிடலாம், மலையகத்தாருக்கு இன்னொன்று இருக்கிறது. மலை ஏறுவதும் விமானம் ஏறுவது போலத்தான். 300 மீற்றருக்கு மேலேயே உயரமாகக் கணக்கெடுப்பார்கள். கண்டி அதைத் தாண்டும், ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868. காலையில் சுழியோடிவிட்டுப் பின்னேரம் வான் பிடித்து ஊருக்குப் போகிற திட்டத்தை மாற்றி, ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டுப் போங்கள். மேலே முகமூடி போட்டு மிதந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

திமிங்கிலம் பார்க்கப் போவதற்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை, வயிறுதான் உறுதியாக இருக்க வேண்டும். கரைக்குக் கிட்டவே கடல் ஆழமாக விழுவதால் பங்குனி முதல் ஆவணி வரை நீலத் திமிங்கிலங்கள் வரும். விடியப் புறப்பட வேண்டும், இஞ்சி மென்றுகொண்டு அடிவானத்தைப் பாருங்கள், தொலைபேசியைப் பார்த்தால் குமட்டும். 100 மீற்றருக்குள் நெருங்குகிற படகோட்டிக்குக் கூடுதல் காசு கொடுத்து ஊக்கப்படுத்தாதீர்கள். கயாக் என்றால் கடலைவிடக் களப்புகளில் தொடங்குங்கள், ஆற்று முகம் உள்ள இடங்களில் முதலை இருக்கிறதா என்று ஊராரிடம் கேட்டபின்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளிப்பதல்ல. முகமூடி, குழாய், ஃபின்ஸ் மூன்றையும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள், கொழுக்கி இடுக்கில் இருக்கிற மணல் அப்போதுதான் இறங்கும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் சிலிக்கன் மஞ்சளித்துவிடும். எங்கள் பின்வளவுக் கொடியில் இப்போது ஆறு முகமூடி தொங்குகிறது. அதில் இரண்டு யாருடையது என்று இன்னும் தெரியாது.